கடல் பார்க்க விடியுமுன் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக்கு வரும் பயணிகளுக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்தது. கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி டைல்ஸ், காரைக்குடிப் பழம்பொருள் கடைகள், கண்டாங்கிச் சேலை என்று முதல் இரண்டு நாளுக்குச் சொன்னதெல்லாம் சரி. மூன்றாம் நாளில்தான் சிக்கல். காலையில் காரைக்குடியில் கிளம்பி தேவிபட்டினம், ராமேசுவரம், தனுஷ்கோடி மூன்றையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம் என்று எழுதியிருந்தது. இங்குள்ள தங்கும் விடுதிகள் பலவும் இதே திட்டத்தைத்தான் விருந்தினர் கையில் கொடுக்கின்றன. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். காரைக்குடியிலிருந்து ராமேசுவரம் ஏறத்தாழ 140 கி.மீ. அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை இன்னொரு 20 கி.மீ. போக வர 320. சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ராமநாதபுரம் ஊருக்குள்ளும், பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் கூட்டத்திலும், ராமேசுவரம் வாகன நிறுத்தத்திலும் போகிற நேரத்தைச் சேர்த்தால் ஏழெட்டு மணி நேரம் காருக்குள்ளேயே கழிந்துவிடும். ராமேசுவரம் கோயில் பகல் 1 மணிக்கு நடை சாத்தி 3 மணிக்குத்தான் திறக்கும். தனுஷ்கோடிப் பக்கம் மாலை 5 மணியை ஒட்டி வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். காலை 8 மணிக்குச் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் கோயில் வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, உச்சி வெயிலில் நிழலே இல்லாத மணலில் நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். செட்டிநாட்டில் தங்கி ராமேசுவரம் பார்ப்பது முடியாத காரியமில்லை. அதற்கு ஒரு இரவு அங்கே தங்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கடல் தொண்டி. ஏறத்தாழ 60 கி.மீ. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். வடக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். தெற்கே காரங்காடு, தேவிபட்டினம். இந்தக் கரையை விட்டுவிட்டு எல்லாரும் ராமேசுவரத்துக்கே ஓடுவதற்குக் காரணம், கடல் என்றதும் மெரினா மாதிரி அகன்ற மணலும் புரளும் அலையும் மனதில் இருப்பதுதான். பாக் நீரிணைப் பக்கம் அது கிடையாது. இது ஆழம் குறைந்த கடல். கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் இடுப்பளவுதான். அடியில் மணலைவிடச் சேறு அதிகம், அதில் கடல்புல் அடர்ந்து கிடக்கும். அலை அடிக்காது, சலசலக்கும். இதை முன்கூட்டியே சொல்லி அழைத்துப்போனால் பிடித்துப்போகிறது. சொல்லாமல் அழைத்துப்போனால் இதுதானா கடற்கரை என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள்.

இன்னொன்று, மாலையில் அழைத்துப்போவது. கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழும், முதுகுப்புறம் கருவேலங்காட்டில் மறையும். சூரிய அஸ்தமனம் காட்டுகிறேன் என்று தொண்டிக்குக் கூட்டிப்போகிற ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்! காலை 5.50-க்கும் 6.40-க்கும் இடையில் பருவத்துக்குத் தகுந்தபடி உதயம். கானாடுகாத்தானிலிருந்தானால் 4 மணிக்கு, காரைக்குடியிலிருந்தானால் நாலேகாலுக்கு வண்டி எடுக்க வேண்டும். விடுதிக்காரர்கள் முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் காலைப் பலகாரத்தைக் கட்டிக் கொடுப்பார்கள். தேங்காய்ச் சட்னியை வாங்கிக்கொள்ளாதீர்கள். 9 மணி வெயிலில் காருக்குள் அது நுரைத்துவிடும். பொடி தடவிய இட்லியும் தக்காளித் தொக்கும் பகல்வரை தாங்கும்.

கடலில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தச் சேற்றில் திருக்கை படுத்திருக்கும். மணலையும் சேற்றையும் மேலே போர்த்திக்கொண்டு அசையாமல் கிடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மிதித்தால் வாலில் இருக்கும் முள்ளால் கணுக்காலில் அடிக்கும். அதனால் காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. பாதத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர்த்த வேண்டும். அதிர்வு தெரிந்ததும் அது விலகிப் போய்விடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் (கை பொறுக்கும் சூடு, ஏறத்தாழ 45 டிகிரிக்கு மேல் வேண்டாம்) காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சொறி (ஜெல்லிமீன்) மிதந்து வரும் நாட்களில் இறங்கவே வேண்டாம். உடம்பில் பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்ப்பது நம்மவர் வழக்கம். தேய்க்கத் தேய்க்க எரிச்சல் கூடும், ஒட்டியிருப்பதைக் கடல் நீரால் கழுவி மெல்ல எடுத்தால் போதும். நீந்தியே ஆக வேண்டும் என்பவர்கள் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போகலாம். அங்கே மணல், சவுக்கு நிழல், அடங்கிய கடல் மூன்றும் உண்டு. ஆனால் அது ராமநாதபுரத்தையும் தாண்டி. இந்தக் காலைப் பயணத்தோடு சேராது.

தொண்டிக் கரையில் பார்க்க வேண்டியது மீன் இறங்குதுறை. இதற்கு நாள் பார்த்துப் போக வேண்டும். எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத சேதி இது. பாக் நீரிணையில் விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் போவதில்லை. விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு காலையில் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். ஆகவே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற பெரிய துறைகளில் மீன் குவிவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில். பெரிய ஏலம் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த மூன்று நாளில் போக வேண்டும். நாட்டுப்படகும் வலையில் உயிரோடு வரும் நண்டும் பார்க்க வேண்டுமானால் நம்புதாளை, தொண்டி போன்ற ஊர்களுக்கு மற்ற நாட்களில் போவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றுகூட நகராது. கோடை விடுமுறைக்குச் செட்டிநாடு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் வருகின்றன, வெறிச்சோடிய துறையைப் பார்த்துவிட்டுப் போகின்றன. அப்போதும் நாட்டுப்படகுகள் போகும், மீன் கொஞ்சமாக வரும், விலை மட்டும் நிறையவே இருக்கும்.

ஏலத்தில் மீன் குவியலாகவும் கூடையாகவும் போகும். ஒரு கிலோ வேண்டும் என்று அங்கே கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஏலம் முடிந்ததும் ஓரத்தில் பெண்கள் கூறு கட்டி விற்பார்கள், அவர்களிடம்தான் கேட்க வேண்டும். படம் எடுக்கும் ஆர்வத்தில் ஏலக்காரருக்கும் குவியலுக்கும் நடுவே போய் நிற்பது பலரும் செய்கிற தவறு. அங்கே ஒவ்வொரு குவியலும் கண்ணிமைக்கும் நேரத்தில் கைமாறும். குறுக்கே நின்றால் திட்டு விழும், விழுவதும் நியாயம்தான். வழுக்காத செருப்பு வேண்டும். தரை முழுதும் செதிலும் பனித் தண்ணீருமாக இருக்கும்.

நண்டு வலை பிரிப்பதை நிதானமாக நின்று பார்க்கலாம். இந்தக் கரையின் பெரிய வருமானம் நீலக்கால் நண்டு. வலையைக் கரையில் நீளமாகப் போட்டு இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்துகொள்வார்கள். நண்டு வலைக்குள் தன்னைத்தானே பத்துச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் கால் ஒடிந்துவிடும், கால் ஒடிந்த நண்டுக்கு விலை பாதி. அதனால் முதுகோட்டைப் பின்புறமிருந்து பிடித்து, கொடுக்குகளை மடக்கி, நூலை ஒவ்வொரு காலிலிருந்தும் தள்ளித் தள்ளிக் கழற்றுவார்கள். கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பது விரலுக்கே தெரிந்திருக்கும். ஆண் நண்டு நீலம், கொடுக்கு நீளம். பெண் நண்டு பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். வயிற்றுக்கடியில் பஞ்சு போல முட்டை ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. முட்டை முதலில் மஞ்சளாக, பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் கருஞ்சாம்பலாக மாறும். சினை நண்டை வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லையென்றால் கடலில் திருப்பி விடுவார்கள்.

மீன் வாங்கிக்கொண்டு வந்து விடுதியிலேயே சமைக்கச் சொல்வது செட்டிநாட்டில் தங்குகிறவர்களுக்குக் கிடைக்கிற தனி வசதி. நண்டு மசாலாவும் கணவாய் வறுவலும் இறால் தொக்கும் செய்ய இங்கே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு இரண்டு ஏற்பாடு வேண்டும். ஒன்று, சமையல்காரரிடம் முதல் நாளே சொல்வது. நான்கு கிலோ நண்டை மத்தியானம் 12 மணிக்கு அடுப்படியில் கொண்டுபோய் வைத்தால் எந்த ஆச்சியும் முகம் சுளிப்பார். இரண்டு, தெர்மாகோல் பெட்டி. மீன் எவ்வளவோ அவ்வளவு எடை உடைத்த பனிக்கட்டி வேண்டும். அடியில் ஒரு அடுக்கு பனி, மீன், மறுபடி பனி என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே பனியில் முடிக்க வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு உருகிய தண்ணீர் வெளியேற வழி விடுங்கள், அடியில் ஒரு தட்டை வையுங்கள். தண்ணீரில் ஊறிய மீன் தோல் வெளுத்து, சதை தளர்ந்து, குழம்பில் கரைந்துவிடும். உயிர் நண்டைப் பனிக்குள் புதைக்கக் கூடாது. ஈரச் சாக்கில் சுற்றி, பனிக்கு மேலே படும்படி வைத்தால் மந்தமாகிக் கிடக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும். செத்த நண்டின் சதை சீக்கிரம் கெடும்.

எது வாங்குவது? நண்டும் கணவாயும் இறாலும் போக, இந்தக் கடல்புல் கரைக்கென்றே உரிய மீன் ஓரா. சுவையான மீன், ஆனால் துடுப்பு முள் குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். விற்கும் அம்மாவிடமே முள்ளை வெட்டித் தரச் சொல்லுங்கள். புல் தின்னும் மீன் என்பதால் குடலை உடனே எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் சமைத்தபின் கறியிலும் அந்த வாடை இருக்கும். ஊடகமும் காரலும் குழம்புக்கு, முரல் வறுவலுக்கு.

தொண்டியில் 8 மணிக்குள் வேலை முடியும். அடுத்து காரங்காடு. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்ப வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் காரங்காட்டைத்தான் சொல்வேன். படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து விரல் விரலாக மேல்நோக்கி நிற்கும் வேர்களைப் பார்ப்பீர்கள். சேற்றில் காற்று கிடையாது, ஆகவே வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. கை எட்டும் கிளையில் வெண்கண்டல் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறிய நேரமென்றால் உப்புத் துகளே கண்ணில் படும், நுனி நாக்கில் வைத்தால் கரிக்கும். கடல்நீரைக் குடிக்கிற மரம் வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள், பறிக்க விடாதீர்கள். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடும் நண்டு சூப்பும் செய்து தருவார்கள்.

இங்கே பலரும் ஏமாறுவது நீர்மட்டத்தால். நீர் வற்றிய நேரத்தில் போனால் படகு சேற்றில் தட்டும், உள்கால்வாய்களுக்குப் போகாமலே திரும்பிவிடும், கட்டணம் அதேதான். இந்தப் பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் உயரக் கணக்கில் அரை மீட்டரை ஒட்டித்தான். ஆனால் கரை அவ்வளவு தட்டையானது என்பதால் அந்த அரை மீட்டர் இறங்கினாலே நீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்று. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே பாதி வழி காட்டும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம், அஷ்டமி, நவமியில் இரண்டும் மந்தம். சரியான நேரத்துக்கு முதல் நாள் காரங்காட்டிலேயே தொலைபேசியில் கேட்டுக்கொள்வதுதான் வழி. வந்து சேர்ந்தபின் கேட்டுப் பயனில்லை. தேவிபட்டினத்துக் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்துக்கும் இது பொருந்தும். நீர் ஏறியிருக்கும்போது ஒன்பது கல்லில் சிலதின் தலைகூடத் தெரியாது. அங்கே படியிலும் நடைபாதையிலும் பாசி வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து அழைத்துப் போங்கள்.

திரும்பும் வழியில் இரண்டு வாய்ப்பு. படகு சீக்கிரம் முடிந்து 10 மணிக்குக் காரங்காட்டை விட்டுவிட்டால், கடற்கரைச் சாலையில் வடக்கே மீமிசல் வந்து, இடது கைப்பக்கம் திரும்பி ஆவுடையார்கோயில் போய்விடலாம். மாணிக்கவாசகர் கோயில். கொடிமரம் கிடையாது, நந்தி கிடையாது, கருவறையில் லிங்கமும் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும். சுடச்சுடப் புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டி, எழும் ஆவியையே நைவேத்தியம் ஆக்குகிறார்கள். மண்டபத்தின் கொடுங்கைக்கு (வளைந்த கூரை விளிம்பு) கீழே நின்று நிமிர்ந்து பாருங்கள். மரச்சட்டமும் கம்பியும் ஆணியுமாகத் தெரிவதெல்லாம் கல். கல்லை அப்பளமாக இழைத்திருக்கிறார்கள். ஆனால் பகல் 12 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். 11.30-க்கு மேல் ஆகும் என்று தோன்றினால் இந்த வழியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஓரியூர் போகலாம். கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ல் தலை வெட்டப்பட்ட இடம், அங்குள்ள மண்ணின் சிவப்பை அந்த இரத்தத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். நடை சாத்தும் கவலை அங்கே இல்லை. அங்கிருந்து திருவாடானை, தேவகோட்டை வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி வந்துவிடலாம். ஆவுடையார்கோயில் வழியானால் அறந்தாங்கி வந்து காரைக்குடி. எப்படிப் போனாலும் சுற்று 200 கி.மீட்டருக்குள் முடியும்.

சொந்த வண்டி இல்லாதவர்கள் தேவகோட்டை போய்த் தொண்டி பேருந்து ஏறலாம். ஆனால் விடியற்காலை ஏலமும் காரங்காடும் ஒரே நாளில் பேருந்தில் சேராது. தொண்டியை மட்டும் பார்த்துத் திரும்புவதே சரி.

பருவம் என்று கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும், பூநாரையும் மற்ற வலசைப் பறவைகளும் இந்தக் கரைகளில் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றில் இதே கடல் கலங்கிச் சேற்று நிறமாகிவிடும், புயல் எச்சரிக்கை வந்தால் படகு நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். காலையில் கரையோரம் தட்டுப்போல இருக்கும், 11 மணிக்கு மேல் கண்ணில் புழுதி.

இனி, வழிகாட்டிகளிடமும் விடுதிக்காரர்களிடமும் சொல்ல வேண்டியது. கடல் பசு காட்டுகிறேன் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ. பரப்பைத் தமிழக அரசு 2022-ல் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது உண்மை. நாட்டிலேயே முதலாவது. ஆனால் ஆவுளியா (கடல் பசுவுக்கு இங்குள்ள பெயர்) கூச்சப்பட்ட பிராணி. மூச்சு விட ஒரு நொடி மூக்கை நீட்டிவிட்டு அடியில் புல் மேயப் போய்விடும். ஆயுசு முழுதும் கடலில் இருக்கிறவர்களே அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். அடுத்து, மீன்பிடிப் படகை வாடகைக்குப் பேசி விருந்தினரைக் கடலுக்குள் கூட்டிப் போவது. அந்தப் படகுக்கு ஆள் ஏற்றும் உரிமம் கிடையாது, உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று இருக்காது, எல்லைக்கடல் பக்கத்திலேயே இருப்பதால் கடலோரப் பாதுகாப்பு போலீசார் நிறுத்தி விசாரிப்பார்கள். வெளிநாட்டுக்காரர் ஏறியிருந்தால் படகுக்காரரின் தொழிலே சிக்கலாகிவிடும். அதே காரணத்தால் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடவும் கூடாது. வெளிநாட்டு விருந்தினர் பாஸ்போர்ட் நகலை வண்டியில் வைத்துக்கொள்வது நல்லது. கடல் குதிரை, கடல் அட்டை, பவளப்பாறைத் துண்டு எதை யார் விற்க வந்தாலும் வாங்கக் கூடாது. வனவிலங்குச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம்.

ராமேசுவரம் போகிறவர்களுக்கு ரயில்தான் சிறப்பு. சென்னையிலிருந்து ராமேசுவரம் போகும் ரயில்கள் காரைக்குடி வழியாகப் போகின்றன. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தைக் காரில் போனால் பக்கத்துப் பாலத்திலிருந்துதான் பார்க்க முடியும், ரயிலில் போனால் அதன் மேலேயே போகலாம். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டு இறக்கையாகப் பிரிந்து எழும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே மேலே தூக்கும். ஒரு இரவு அங்கே தங்கி, விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் முடித்து, தீர்த்தமாடி (ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி அவசியம்), வெயில் ஏறுமுன் தனுஷ்கோடி போய்விட வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போன ஊரின் மிச்சம் மாதா கோயில் சுவரும் ரயில் நிலையச் சுவருமாக நிற்கிறது. அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம், காலடி மணல் நழுவும். தார்ச்சாலையை விட்டு வண்டியை மணலில் இறக்காதீர்கள். இழுத்துவிட ஜீப்புக்காரர் கேட்கிற தொகையில் இன்னொரு நாள் தங்கிவிடலாம்.

வடக்கே மனோராவும் உண்டு. சரபோஜி மன்னர் 1814–15-ல் கட்டிய எட்டடுக்கு அறுகோணக் கோபுரம். அதை மட்டும் பார்க்கக் காரைக்குடியிலிருந்து போவது என் கணக்கில் வீண். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரிகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. காரங்காடு திரும்பும் முக்கில் தூரத்திலிருந்தே தெரிகிற பலகை. தொண்டி, கோட்டைப்பட்டினம் இறங்குதுறைகளில் பெண்களுக்குக் கழிப்பறை, கை கழுவத் தண்ணீர். பயணிகளைவிட, விடியுமுன் வந்து நாள் முழுதும் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கே அது முதலில் தேவை. தேவகோட்டையிலிருந்து தொண்டிக்கு அதிகாலை 5 மணிக்குள் கிளம்பும் பேருந்து ஒன்று, ஜனவரி முதல் மார்ச் வரையாவது.

தங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் கடல் ஏற்ற, வற்று அட்டவணை வெளியிடுகிறது. தங்கம் விலையும் ராகுகாலமும் போடுகிற பக்கத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பதிப்புகளிலாவது அன்றைய ஏற்ற நேரத்தையும், எந்தப் படகு கடலுக்குப் போகிற நாள் என்பதையும் இரண்டு வரியில் போட முடியுமா? கரைக்குப் போகிற பயணிக்கும் மீன் வாங்கப் போகிற வீட்டுக்காரருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
காரைக்குடி.